வில்லோக் கூடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வில்லோ மரத்தின் மெல்லிய விளார்களால் முடையப்படும் அயர்லாந்துக் கூடைகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சென்ற ஆண்டு மேயோ மாவட்டத்தின் டர்லோ பார்க் அருங்காட்சியகத்தில் அக்கூடைகளைப் பார்த்தபோது, அவை உயிரற்ற பொருட்களாகவே எனக்குத் தோன்றின. பிளாஸ்டிக் வாளி வந்ததும் முடிந்துபோன வேலையை இன்னும் மரபு என்று சொல்லலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கூடைகளின் தேவை வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் பார்த்தது கூடையை மட்டுமே. அதை முடையும் கையைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மேற்குக் கரையோரச் சிற்றூர்களில் விவசாயிகள் பலர் தங்களுக்கு வேண்டிய கூடையைத் தாங்களே முடைந்துகொண்டார்கள். வீட்டருகே ஈரம் தங்கும் மூலையில், அவர்கள் ‘சாலி’ என்றழைக்கும் வில்லோவை நட்டு, இலையுதிர்ந்த குளிர்காலத்தில் அடியொட்ட வெட்டுவார்கள். வசந்தத்தில் அதே கட்டையிலிருந்து நேரான புது விளார்கள் கிளம்பும். முதுகில் சுமக்கும் ‘கிரீல்’ கூடை தலைகீழாகவே உருவாகும். தடித்த விளார்களை மண்ணில் ஊன்றி, முதலில் வாய் விளிம்பைப் பின்னி, படிப்படியாக மேலேறி, கடைசியில் ஊன்றிய விளார்களின் நுனிகளையே வளைத்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து அடிப்பகுதியை முடித்தபின், பிடுங்கி நிமிர்த்துவார்கள். சதுப்பில் வெட்டி உலர்த்திய, அடுப்பெரிக்கும் பீட் எனும் கரிமண் கட்டிகள் அதில்தான் வீடு வந்துசேர்ந்தன. கழுதையின் இருபுறமும் தொங்கவிடும் கூடைகளில் ஒருவகைக்கு அடிப்பகுதி கதவுபோலத் திறக்கும். இரண்டையும் ஒருசேரத் திறந்துவிட்டால் உரத்துக்கான கடற்பாசி வயலில் கொட்டிவிடும், சுமை ஒருபக்கம் சாயாது.

எனக்கு மிகப் பிடித்தது ‘ஸ்கிப்’ என்ற ஆழமற்ற வட்டக்கூடை. வெந்த உருளைக்கிழங்கை அதில் கொட்டினால் நீர் பின்னலின் வழியே வடிந்துவிடும். பிறகு அதே கூடையைப் பானையின்மேல் வைத்து, குடும்பமே சுற்றி அமர்ந்து உண்ணும். வடிதட்டும் பரிமாறும் தட்டும் மேசையும் அந்த ஒன்றே.

இவ்வேலை இன்றும் நடக்கிறது. கால்வே மாவட்டத்தில் லோக் நா ஃபூயி ஏரியின் அருகே ஜோ ஹோகன் 1978 முதல் கூடை முடைகிறார். அதற்கான வில்லோவையும் தானே வளர்க்கிறார். பச்சை விளாரில் முடைந்தால் காய்ந்ததும் சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும் என்பதால், வெட்டியதை உலர்த்தி, வேலைக்கு முன் பல நாட்கள் நீரில் ஊறவைக்கவேண்டும். அடுத்தமுறை செல்லும்போது, ஊறிய விளார் ஒன்றை வாங்கி, முறியாமல் வளைத்துப் பாருங்கள்.

அன்புடன்.