ஹெட்செட்டுக்கு வெளியே இருக்கும் உடம்பு

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரியில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். முதன்முறையாக ஓர் அறிவியல் புனைகதை எழுதி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சுனாமியில் கடலூர் தேவனாம்பட்டினத்துப் பாட்டியையும் அவள் வீட்டையும் இழந்த ஒருவன், கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட்டில் அந்த வீட்டை மறுபடி உருவாக்கி அதற்குள்ளேயே வாழ ஆரம்பிக்கிறான். மூன்று நாள் அதைக் கழற்றுவதே இல்லை. கடைசியில் அவனுடைய வெளியுலகமும் ஒரு மெய்நிகர்தான் என்று தெரியவருகிறது. இந்தத் தொழில்நுட்பத்தையே நம்பி வாழ்வதன் ஆபத்தைச் சொல்ல நினைத்தேன். நண்பர்களோ, "கடைசி வரியில் ஏமாற்றிவிட்டாய்" என்கிறார்கள். எங்கே தவறினேன்? இந்த மாதிரிக் கதைக்கு இனி இடம் இருக்கிறதா?

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

கதையை இரண்டு முறை படித்தேன். வலை தைக்கிற ஊசி கூரையில் செருகியிருக்கும் அந்தத் திண்ணையை நான் மறக்க மாட்டேன். நண்பர்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றம் எனக்கும் ஏற்பட்டது. ஆனால் தவறு கடைசி வரிக்கு முன்பே நடந்துவிட்டது. மூன்று நாள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போனீர்களே, அங்கே. அந்த மூன்று நாளும் அவன் என்ன சாப்பிட்டான்? யார் தண்ணீர் கொடுத்தார்கள்? கால் மரத்துப்போகவில்லையா?

'மெய்நிகர்' என்று நாம் சொல்கிறோம். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. தொல்காப்பியம் 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்று உடம்பின் தொடுவுணர்விலிருந்து தொடங்கி, நாக்கு, மூக்கு என்று ஏறி, நான்காவதாகக் கண்ணையும் ஐந்தாவதாகக் காதையும் வைக்கிறது. இன்றைய ஹெட்செட் பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. மற்ற மூன்றும் நாற்காலியிலேயே இருக்கின்றன. அதனால்தான் சிலருக்குக் குமட்டுகிறது: நகர்கிறாய் என்று கண் சொல்கிறது, இல்லை என்று, உடம்பின் அசைவையும் சமநிலையையும் உணர்கிற உள்காது சொல்கிறது. படகின் அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இதுவே தலைகீழாக நடக்கும். முதல் தடவை கடலுக்குப் போகிறவரிடம் தொடுவானத்தைப் பார் என்பார்கள். கண்ணும் உள்காதும் ஒரே சேதியைச் சொல்ல ஆரம்பித்ததும் வயிறு அடங்கும். ஹெட்செட்டுக்குள் நம்மோடு நகர்கிற தொடுவானம் அந்த உதவியை அப்படியே செய்துவிடாது.

சரி, உங்கள் முடிவுக்கு வருகிறேன். வெளியுலகமும் பொய் என்றால் 2004 டிசம்பர் 26 பொய். பாட்டி செத்ததும் பொய். அப்புறம் அவன் எதற்காக அழுதான்? ஆபத்தைச் சொல்ல வந்த கதை, இழப்பையே இல்லாமல் ஆக்கிவிட்டது. தேவனாம்பட்டினத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை இன்னும் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையில் இந்தக் கதையைக் கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

யோகவாசிஷ்டம் என்ற பழைய வடமொழி நூலில் லவணன் என்ற அரசனின் கதை வருகிறது. சபைக்கு வந்த மாயக்காரன் மயிற்பீலியை ஆட்டுகிறான். அரசன் அரியணையில் அசையாமல் உறைந்துபோகிறான். அந்தச் சிறு பொழுதுக்குள் அவன் எங்கோ ஒரு காட்டில் ஏழைப் பெண்ணை மணந்து, பிள்ளைகள் பெற்று, பஞ்சத்தில் வாடி, தீயில் இறங்குகிறான். விழித்துப் பார்த்தால் அதே சபை இருக்கிறது. நடந்ததை அவன் சொல்லி முடித்ததும் மாயக்காரனைக் காணோம். நம்மில் பலர் கதையை இங்கேயே முடித்துவிடுவோம். யோகவாசிஷ்டம் முடிக்கவில்லை. லவணன் அந்த விந்தியக் காட்டைத் தேடிப் போகிறான். அந்த ஊர் அங்கே இருக்கிறது. மகளையும் மருமகனையும் நினைத்து அழுகிற கிழவி இருக்கிறாள். மாயைக்குள் பட்ட துக்கத்துக்கு வெளியேயும் ஒரு ஆள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பதை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மன் குழுவினர், தீக்காயம் பட்டவர்களுக்காக ஒரு பனி உலகத்தை உருவாக்கினார்கள். காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி அதற்குள் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார். கவனம் அங்கே போவதால் வலி குறைகிறது. ஆனால் அந்த நேரம் முழுக்க வெளியே ஒரு நர்ஸ் நிற்கிறார், அவர் கை அந்த உடம்பின் மேல் இருக்கிறது. உங்கள் நாயகனுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

அவனுக்கு வெளியே இருப்பது அந்த ஹெட்செட்டை நடத்துகிற கம்பெனி மட்டும்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 511 பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீடியோ பார்த்தார்கள். தலையும் கையும் அசைந்த விதத்தை ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகப் பதிவு செய்ததிலேயே, இது இன்னார் என்று 95 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. அப்படியென்றால் பாட்டியின் கட்டில் பக்கம் திரும்பும்போது அவன் கழுத்து ஒரு கணம் தயங்குகிறதே, அதுவும் எங்கோ பதிவாகும். அடுத்த மாதம் கட்டணத்தை ஏற்றினால் அவன் மறுக்கவா போகிறான்? பாட்டி வீட்டுச் சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது. ஆபத்து என்று நீங்கள் தேடியது இதற்குள் இருக்கிறது.

2011 டிசம்பர் 30 காலை 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் 16 நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் விழுந்த மரங்களையும் கம்பங்களையும் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள்தான் மாடித் தொட்டி காலி என்பது உறைத்தது. மோட்டார் ஓடாவிட்டால் நிலத்தடியில் தண்ணீர் இருந்தும் இல்லாத மாதிரிதான். வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாக வந்தார்கள், மணிக்கு இவ்வளவு என்று காசு. மூன்றாவது வீட்டு அக்கா பழைய அடிபம்பைப் பிடுங்காமல் வைத்திருந்தார். பகல் முழுக்க வாசல் கேட்டைத் திறந்தே போட்டார். தெருவே அவர் வீட்டில் நின்றது.

அதற்குப் பிறகுதான் ஆங்கில எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1909-ல் எழுதிய 'இயந்திரம் நிற்கிறது' கதையைத் திரும்பப் படித்தேன். வானொலி நிலையங்களே வராத காலம். மனிதர்கள் நிலத்தடியில் ஆளுக்கோர் அறையில் இருக்கிறார்கள். சாப்பாடு, பேச்சு, இசை எல்லாம் இயந்திரம் கொடுக்கும். ஒரு நாள் அது பழுதாகிறது, முழுசாகச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சிறுவயதில் படித்தபோது அவர்களை முட்டாள்கள் என்று நினைத்தேன். தானேவுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவர்கள் பழகிப்போனவர்கள், அவ்வளவுதான். நாங்களும் மோட்டாருக்கு அப்படித்தான் பழகியிருந்தோம்.

ஆகவே, இடம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நிறைய இருக்கிறது. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் அவன் தங்கை கதவைத் தட்டட்டும். உள்ளே பாட்டி அடுப்பில் குழம்பு கொதிப்பதை அவன் பார்க்கிறான், சத்தமும் கேட்கிறது, வாசனை மட்டும் வரவில்லை. வாசனை தங்கை கொண்டுவந்த தூக்குவாளியில் இருக்கிறது. அவன் கழற்றுவானா மாட்டானா என்பது எனக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியதும் அனுப்புங்கள். குழம்பில் என்ன மீன் என்பதையும் இந்த முறை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து