டோக்கியோ – லாஸ் ஏஞ்சலிஸ்: போக 10 மணி நேரம், வர 12 மணி நேரமா?

விமான டிக்கெட்டில் போகும் நேரமும் வரும் நேரமும் இப்படி வேறுபடுவது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் டிக்கெட்டில் தப்பில்லை. தூரம் இரு பக்கமும் ஏறத்தாழ 8,800 கி.மீ.தான். மாறுவது காற்று. பசிபிக் பெருங்கடலுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைக்கூடத் தாண்டும். போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து நிற்கும். நீங்கள் செய்த மாதிரி விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து, தூரத்தை 900ஆல் வகுத்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட்டில் சேர்த்தி.

அப்புறம், மாலை 5க்குக் கிளம்பி அதே நாள் காலை 11க்கு எப்படி இறங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் கடிகாரம் டோக்கியோவைவிட 16 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 17. பயணம் என்னவோ முழுசாக 10 மணி நேரம்தான்: இறங்கும்போது டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3, அதிலிருந்து 16 மணி நேரம் பின்னே போனால் கிளம்பிய நாளின் காலை 11. திரும்பும்போது தேதி ஒன்று கூடிவிடும், ஹோட்டல் பதிவு செய்யும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.