பயணத்தின்போது இணையத்துக்குத் தனி ஹாட்ஸ்பாட் கருவி வாங்கலாமா, போன் ஹாட்ஸ்பாட்டே போதுமா?

வாங்கலாம். ஆனால் எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன்னால் அதற்குள் எந்த சிம் போடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஸ்ரீநகர் விமான நிலையத்தில் முழித்துக்கொண்டு நின்றவன்.

நான், மனைவி, மகள், மச்சான், அவர் மனைவி என்று ஐந்து பேர் காஷ்மீர் கிளம்பினோம். சென்னையிலிருந்து டெல்லி வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், அங்கிருந்து விமானம். எனக்கு ஒரு நாள் விடுப்பு குறைந்தது. சரி, ரயிலிலேயே வேலை பார்த்துவிடலாம் என்று ஒரு 4ஜி வைஃபை டப்பாவும் அதற்குப் புதிதாக ஒரு பிரீபெய்டு சிம்மும் வாங்கினேன்.

ரயிலில் அது நன்றாகவே உழைத்தது. போனில் ஒரு நிறுவனத்தின் சிம், டப்பாவில் வேறொரு நிறுவனத்தின் சிம். இதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வாரங்கல் தாண்டி பல்லார்ஷா வரும் வரை காட்டுப் பகுதியில் ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்துகொண்டது. இரண்டிலும் ஒரே நிறுவனம் என்றால் இரண்டும் ஒரே டவரைத்தான் தேடும், டப்பா வாங்கியதில் பாதிப் பயன் போய்விடும். பேத்துலுக்கும் இட்டார்சிக்கும் நடுவே சாத்புரா மலையில் இரண்டுமே படுத்துவிட்டன. டவர் இல்லாத இடத்தில் டப்பா மட்டும் எங்கிருந்து சிக்னலைக் கொண்டுவரும்? அந்த நேரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது நல்லது, மலை அழகாக இருக்கும்.

டப்பாவைப் பைக்குள் போட்டு மேல் பெர்த்தில் வைக்காதீர்கள். ஏசி பெட்டியின் உலோகச் சுவர் சிக்னலைக் கணிசமாகக் குறைக்கும். ஜன்னல் ஓரம் வைத்தபோது எனக்குக் கண்ணெதிரே வித்தியாசம் தெரிந்தது. பேட்டரி ஐந்தாறு மணி நேரம் வந்தது, அப்புறம் பவர் பேங்க்தான். ஆனால் போன் சூடாகாமல், சார்ஜ் இறங்காமல் இருந்தது. நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் போட்டு வைத்த போனைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொரு அடி டேட்டாவில் விழுந்தது. நாளுக்கு 2 ஜிபி பிளான். காலையில் லேப்டாப் சத்தமில்லாமல் அப்டேட் இறக்கியதில் பதினோரு மணிக்கே தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்துவிட்டது. அந்த வேகத்தில் மெயில் திறப்பதே பெரும்பாடு. லேப்டாப்பில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’, அதாவது அளவான டேட்டா உள்ள இணைப்பு, என்று மாற்றி வைத்தால் இது பெரும்பாலும் நடக்காது. போனில் 5ஜி அன்லிமிடெட் வருகிறதே என்று நம்பவும் வேண்டாம். டப்பா 4ஜி என்றால் அந்தச் சலுகை அதற்குக் கிடையாது.

இனி ஸ்ரீநகர். இறங்கியதும் டப்பாவில் சிவப்பு விளக்கு. என் போனில் சிக்னல் இல்லை, மனைவி போனிலும் இல்லை. ஏதோ கோளாறு என்று நான் ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருக்க, கார் ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, “பிரீபெய்டா? இங்கே எடுக்காது” என்று முடித்துவிட்டார். வெளி மாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். பாதுகாப்புக்காக வைத்திருக்கும் கட்டுப்பாடு. சிம் விற்ற கடைக்காரரிடம் காஷ்மீர் போகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன், அவர் தலையாட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

மச்சானுடைய எண் மட்டும் ஆபீஸ் கொடுத்த போஸ்ட்பெய்டு. ஐந்து பேரும் அவர் போனில் தொங்கினோம். அவர் ஷிகாரா படகில் ஏறி தால் ஏரிக்குள் போனால் எங்கள் நெட்டும் கூடவே போய்விடும். அந்த சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடலாமா என்று கேட்டேன். “அப்புறம் எனக்கு ஆபீஸ் கால் எப்படி வரும் மாப்ளே?” என்றார். நியாயம்தான், டப்பாவில் பேச முடியாது.

டப்பாவில் போட்ட எண்ணுக்கு வரும் ஓடிபியும் அப்படித்தான், கண்ணில் படாது. பல கருவிகளில் குறுஞ்செய்தியைப் பார்க்க, பின்பக்கம் ஒட்டியிருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரியை பிரவுசரில் திறக்க வேண்டும். அங்கே போகும்போதே கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், பழையது அந்த ஸ்டிக்கரிலேயே எல்லோரும் படிக்கும்படி இருக்கும். ஊர் திரும்பியதும் டப்பாவை அலமாரியில் போட்டு மறந்துவிடாதீர்கள். 90 நாளுக்கு மேல் பயன்படுத்தாத எண்ணைத் துண்டித்துவிட வாய்ப்புண்டு.

நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. ஒருவர் இருவராக ஊட்டி, கொடைக்கானல் என்றால் போன் ஹாட்ஸ்பாட்டும் ஒரு பவர் பேங்க்கும் போதும், செலவு செய்யாதீர்கள். நாலைந்து பேர், நீண்ட ரயில் பயணம், வழியில் வேலையும் உண்டு என்றால் டப்பா வாங்குங்கள், போனில் இல்லாத நிறுவனத்தின் சிம் போடுங்கள். காஷ்மீர், லடாக் என்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் ஒரு எண்ணையாவது போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மச்சான் வருகிறாரா என்றும் கேட்டு வையுங்கள்.