பி0171 வந்தால் இஎஃப்ஐஇ வோல்ட்டை ஏற்றலாமா?

காரில் ஹைட்ரஜன் கிட் (தண்ணீரைப் பிரித்து வரும் வாயுவை எஞ்சினுக்கு விடும் கருவி) மாட்டியதும் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு என்ற கோட்) வருகிறது, இஎஃப்ஐஇயை (ஓ2 சென்சார் சிக்னலில் வோல்ட் கூட்டும் பெட்டி) எத்தனை வோல்ட்டில் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றினால் செக் எஞ்சின் விளக்கு அணையும்தான். ஆனால் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரின் சிக்னலில் 0.2 வோல்ட் கூட்டினாலே இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் அதிகம் என்று நம்பிக் குறைத்துவிடும்; கலவை நிஜமாகவே லீன் (பெட்ரோல் குறைவு) ஆகி நாக்கிங், மிஸ்ஃபயர் வரும். முன் ஓ2 சென்சார் வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வகை) என்றால் அது கரண்ட் வகை, வோல்ட் கூட்டும் பெட்டி அதற்கு ஒத்தே வராது.

கிட் தரும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு, எஞ்சின் இழுக்கும் நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றுக்கு முன் ஒன்றுமே இல்லை. அந்த வாயுவால் கோட் வராது. எனக்குச் சந்தேகம், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் கிட்டின் ஹோஸ் செருகத் துளைத்த இடத்தில்தான்.

முதலில் இஎஃப்ஐஇயைக் கழற்றி ஒயரைப் பழையபடி சேருங்கள். அது இருக்கும்வரை ட்ரிம் அளவு (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பொய். எஞ்சின் சூடானதும் ஸ்கேனரில் எல்டிஎஃப்டி (நீண்டகால ட்ரிம்), எஸ்டிஎஃப்டி (குறுகியகால ட்ரிம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலில் +20%, 2500 ஆர்பிஎம்மில் +5% என்று இறங்கினால் மாஃப் சென்சாருக்குப் (உள்ளே வரும் காற்றை அளப்பது) பின்னால் காற்றுக் கசிவு. ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் மாஃப் அழுக்கு, ஃபியூயல் ஃபில்டர், ஃபியூயல் பிரஷர் பக்கம் போங்கள்.

மைலேஜ் விஷயம்: கிட்டில் தண்ணீரைப் பிரிக்கும் செல் 15 ஆம்பியர் இழுத்தால் சுமார் 200 வாட். ஆல்டர்னேட்டர் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் கொடுப்பது 350 வாட் அளவு. அந்த வாயு எரிந்து திரும்புவது 30, 40 வாட்தான்; ஆக நஷ்டமே.