கேமில் சாவதும் நாவலில் சாவதும் (கடிதம்)

வணக்கம் ஐயா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஹேலோ, வார்ஹாமர் போன்ற விளையாட்டுகளை வைத்து எழுதப்பட்ட ராணுவ அறிவியல் புனைவு நாவல்களை விடாமல் படிப்பவன். 'கேமை விற்க எழுதினதெல்லாம் இலக்கியமா' என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்கும் அது டைம்பாஸ்தான். இருந்தாலும் தமிழில் அப்படி ஒன்று எழுத ஆசை. போர்க்கப்பல், ஆயுத விவரங்களை இணைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

ச., ஓசூர்

அன்புள்ள ச,

முதலில் அந்த 'டைம்பாஸ்தான்' என்பதை அடித்துவிடுங்கள். ராத்திரி கண் விழித்துப் படிக்க வேண்டியது, நாலு பேர் சிரித்ததும் 'சும்மா புரட்டினேன்' என்று பம்ம வேண்டியது, இந்தக் குணம் எனக்கு ஆகவே ஆகாது. விற்பதற்காக எழுதியதா என்றால் ஆமாம். எரிக் நைலண்டின் ஹேலோ நாவல் 'தி ஃபால் ஆஃப் ரீச்' 2001 அக்டோபர் கடைசியில் வந்தது, ஹேலோ விளையாட்டு நவம்பரில் வந்தது. எதற்கு எழுதச் சொன்னார்கள் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? பரிசில் வாங்கத்தான் நம் புலவர்களும் பாடினார்கள், அதற்காக நம் தகடூர் அதியமானைப் பாடிய ஔவையை யாரும் ஒதுக்கிவிடவில்லை. இலக்கியமா என்ற பஞ்சாயத்தை உங்கள் நண்பர்களே வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு வேறொன்று முக்கியம். கேமில் செத்தால் என்ன ஆகிறது? கொஞ்சம் முன்னால் இருந்து மறுபடி ஓடுகிறீர்கள், அவ்வளவுதான். அதே உலகத்தில் நாவல் எழுதுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. 'தி ஃபால் ஆஃப் ரீச்', ஆறு வயதுப் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டுபோய்ப் போர்வீரர்களாக்குகிற கதை. அதில் சாம் என்று ஒருவன் வருகிறான், கதாநாயகன் ஜானின் கூட்டாளி. எதிரிக் கப்பலுக்குள் ஜான்மேல் பட வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறான், கவச உடையில் ஓட்டை விழுந்துவிடுகிறது. வெளியே வெற்றிடம், அந்த உடையோடு குதிக்க முடியாது. மற்றவர்கள் போகிறார்கள், அவன் கப்பலைத் தகர்க்க வைத்த வெடிகளுக்குக் காவலாக அங்கேயே நின்றுகொள்கிறான். கேமில் எத்தனை தடவை செத்தாலும் வராத ஒன்று அந்த இடத்தில் வயிற்றைப் பிசைகிறது. டான் ஆப்னெட்டின் 'காண்ட்ஸ் கோஸ்ட்ஸ்' வரிசையும் (முதல் நாவல் 1999) இதைத்தான் செய்கிறது. அது வார்ஹாமர் நாவல், வார்ஹாமரோ மேஜையில் பொம்மைப் படையை நகர்த்தி ஆடுகிற விளையாட்டு. பொம்மை விழுந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆப்னெட் அந்தப் பொம்மைகளுக்குப் பேர் வைத்தார், சொந்தக் கிரகமே எரிந்துபோன ஒரு படைப்பிரிவைக் கொடுத்தார், அப்புறம் ஒவ்வொருவராகச் சாகவும் விட்டார்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் நடுகற்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு வந்திருக்கிறீர்களா? ஓசூரில் இருந்துகொண்டு வராவிட்டால் அது குற்றம். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்று இந்தப் பக்கத்துக் கற்கள் நாலு வரியில் சொல்லி முடித்துவிடும். மாட்டுக்கு நடந்த சண்டைதான், எந்தப் பேரரசும் அதில் கவிழ்ந்துவிடவில்லை. ஆனாலும் செத்தவன் பேர் கல்லில் இருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் பேர் உண்டு. கோவிவன். வீரன் காலடியில் அதையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் இணைப்புக்கு வருகிறேன். முழுக்கப் படித்தேன். கப்பலின் நீளம் இருக்கிறது, துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்பது இருக்கிறது, கவசத்தின் கனம்கூட இருக்கிறது. ஒரு மனுஷன் பேர் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன் சாமி, சமையல்காரன், கூர்க்கா ஒருத்தனும் இல்லை! ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தி எவனோ ஒரு கல்தச்சன் நாய்க்குப் பேர் கொடுக்கத் தவறவில்லை, உங்களுக்கு ஒரு சிப்பாய்க்குப் பேர் வைக்க நேரமில்லையா? உங்களுக்குக் கை நன்றாக வருகிறது, அந்தக் கப்பலின் துருப்பிடித்த கதவைப் பற்றிய ஒரு வரியில் தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ராக்காவலுக்கு ஒருவனை நிறுத்துங்கள். பேர், ஊர், அவனுக்கு யாரோடு சண்டை, சம்பளத்தை யாருக்கு அனுப்புகிறான், இதை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஆயுதப் பட்டியல் என்னிடமே இருக்கட்டும், மறுபடி அனுப்ப வேண்டாம்.