தாகமும் உப்பு வேட்கையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பசு தொட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, அந்த நீர் இரத்தத்தில் சேரும் முன்பே போதுமென்று தலையை நிமிர்த்திக்கொள்கிறது. சில நாட்களில் சுவரை நக்குகிறது; உப்புக்கட்டியைத் தொங்கவிட்டால் சுவரை விட்டுவிடுகிறது. தன் தேவை அதற்கு எப்படித் தெரிகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கண்டவை இரண்டு வேறு வேட்கைகள். இரத்தத்தின் செறிவு 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே தாகம் எழுந்துவிடும். அதை உணரும் நரம்பணுக்கள் மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலும் அதை ஒட்டியும் உள்ளன. சுவீடனில் உடலியலாளர் பெங்ட் ஆண்டர்சன் 1950களில் வெள்ளாடுகளின் ஹைப்போதலாமஸில் துளியளவு உப்புக்கரைசலைச் செலுத்தியதுமே அவை தண்ணீர் குடிக்கத் தொடங்கின. ஆனால் போதும் என்ற உணர்வு இரத்தம் சீராகும்வரை காத்திருப்பதில்லை. வாயும் தொண்டையும் வயிறும் அனுப்பும் செய்திகளைக் கொண்டு, வந்து சேரப்போகும் நீரை மூளை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் பசு தலையை நிமிர்த்துவது அப்போதுதான்.

உப்பு வேட்கை மெல்ல எழுவது. புல்லிலும் தழையிலும் பொட்டாசியம் மிகுதி, உப்பில் உள்ள சோடியம் குறைவு என்பதால் மேய்ச்சல் விலங்குகளுக்கு இந்தக் குறை எளிதில் நேரும். அப்போது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரில் சோடியம் வீணாகாமல் தடுக்கிறது. அதுவும் ஆஞ்சியோடென்சின் என்ற மற்றொரு ஹார்மோனும் சேர்ந்து மூளையில் உப்பின்மீது நாட்டத்தைத் தூண்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் உடலியலாளர் டெரெக் டென்டன், செம்மறியாட்டின் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வரும் நீரைக் குழாய் வழியே வெளியே வடியவிட்டார். சோடியம் நிறைந்த அந்த உமிழ்நீரை இழந்த ஆடுகள், அருகில் வைத்த சோடியம் பைகார்பனேட் கரைசலை ஏறக்குறைய இழப்புக்கு ஈடாகவே குடித்தன. எவரும் பழக்காமலே விலங்கிடம் அமைந்திருக்கும் இந்த அளவுணர்வைவிட வியப்பான ஒன்றை உடலியலில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்த வேட்கையை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு, 1940இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்கின்ஸும் ரிக்டரும் பதிவு செய்த ஒரு குழந்தையின் துயரம் சான்று. உப்பை அள்ளி அள்ளித் தின்ற அந்தச் சிறுவனுக்கு மருத்துவமனையில் வழக்கமான உணவே கிடைத்தது. சில நாட்களில் இறந்துவிட்டான். அவன் அட்ரீனல் சுரப்பிகள் சரிவர இயங்காததால் உடலில் சோடியம் தங்கவில்லை என்பது பிறகே தெரிந்தது.

உப்புக்கட்டி கிடைத்ததும் உங்கள் பசு சுவரை விட்டதால், குறை சோடியமாகவே இருக்கலாம். கட்டி இருந்தும் சுவரையோ எலும்பையோ தேடினால், பாஸ்பரஸ் குறைபாடு உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உப்பு தாகத்தைக் கூட்டும். கட்டிக்குப் பக்கத்திலேயே எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.