செல்லுக்கு வெளியே உறங்கும் வளர்ச்சிக் காரணிகளைச் செல்கள் எப்படி எழுப்புகின்றன? அளக்கும் முன் அமிலம் சேர்க்கிறோமே, உடலிலும் அப்படித்தானா?

உடலில் பெரும்பாலும் அமிலத்தால் நடப்பதில்லை, செல் இழுத்துத் திறக்கிறது. இது எனக்கு உறைத்தது ஒரு தவறால்தான்.

டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியை, புரதத்தின் அளவை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா சோதனையில் முதன்முதலில் அளந்தபோது அமிலம் சேர்க்கும் படியைத் தாண்டிவிட்டேன். அளவு தெரிந்த கரைசல்களை ஒப்பீட்டுக்காக விட்ட சிறு குழிகளெல்லாம் நீலமாகி, அப்புறம் மஞ்சளாக மாறின. என் மாதிரிகள் இருந்த வரிசை மட்டும் தண்ணீர் போலக் கிடந்தது. செல்கள் அதைச் சுரக்கவே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். மறுநாள் அதே மாதிரிகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பத்து நிமிடம் வைத்து, காரம் சேர்த்துச் சமன்செய்து அளந்தால் வரிசை முழுக்க அடர் மஞ்சள். பொருள் முதல் நாளும் அங்கேதான் இருந்தது, பூட்டிய நிலையில்.

அந்தப் பூட்டைச் செல்லே செய்து அனுப்புகிறது. டிஜிஎஃப்-பீட்டா1 முதலில் 390 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான புரதமாக உருவாகிறது. செல்லுக்குள்ளேயே ஃபியூரின் என்ற நொதி அதை இரண்டாக வெட்டுகிறது. கடைசி 112 அமினோ அமிலங்கள்தான் உண்மையான வளர்ச்சிக் காரணி. ஆனால் வெட்டிய பிறகும் முன்பகுதி விலகிப் போவதில்லை. அது காரணியைச் சுற்றி வளைத்து, ஏற்பி (காரணியின் செய்தியை வாங்கும் செல் மேற்பரப்புப் புரதம்) வந்து தொட வேண்டிய இடத்தை மூடிக்கொள்கிறது. இந்த உறையை எல்ஏபி என்பார்கள். உறையோடு எல்டிபிபி என்று இன்னொரு பெரிய புரதம் சேர்ந்துகொண்டு, மொத்தத்தையும் செல்லுக்கு வெளியே உள்ள ஃபைப்ரிலின், ஃபைப்ரோனெக்டின் இழைகளில் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறது.

இப்படிக் கட்டிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பூட்டில்லாத டிஜிஎஃப்-பீட்டா ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாங்கும். அதோடு, ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் அதற்கு ஏற்பி இருப்பதால், கண்ட இடத்தில் கண்ட நேரத்தில் அவிழ்ந்தால் ஆபத்து.

சரி, திறப்பது யார்? செல்லின் மேற்பரப்பில் இருந்து வெளியே உள்ளவற்றைப் பிடிக்கும் இன்டெக்ரின் புரதங்கள். எல்ஏபியில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ஓர் இடம் உண்டு. ஆல்ஃபா-வி பீட்டா-6 இன்டெக்ரின் அதைப் பிடித்துக்கொள்கிறது என்று 1999-இல் காட்டினார்கள். இன்டெக்ரினின் உள்முனை செல்லின் ஆக்டின் இழைகளோடு சேர்ந்திருக்கிறது. ஆக்டின் சுருங்கினால் எல்ஏபி இழுபடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உருவு முடிச்சை நினைத்துப் பாருங்கள். கயிற்றின் ஒரு முனை முளையில் இறுகக் கட்டியிருந்தால் மறுமுனையை இழுத்ததும் முடிச்சு உருவிக்கொண்டு வரும். முளையே ஆடினால் எவ்வளவு இழுத்தும் பயனில்லை. இங்கே முளை, எல்டிபிபி கட்டியிருக்கும் அந்த இழைவலை. வலை விறைப்பாக இருந்தால் எல்ஏபி நெகிழ்ந்து காரணி வெளியே வருகிறது. தளர்வாக இருந்தால் இழுத்த இழுப்புக்கு எல்லாமே சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. தழும்பு திசு இறுக இறுக நிலைமை மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணம்: விறைப்பான வலை டிஜிஎஃப்-பீட்டாவை எளிதாக விடுவிக்கிறது, விடுபட்ட காரணி இன்னும் கொலாஜனைச் சுரக்க வைக்கிறது, வலை மேலும் விறைக்கிறது.

அந்த மூன்று அமினோ அமிலங்களில் கடைசியானதை மட்டும் எலிகளில் மாற்றிப் பார்த்தார்கள். டிஜிஎஃப்-பீட்டா1 சுரந்தது, ஆனால் இன்டெக்ரினால் பிடிக்க முடியவில்லை. அந்த மரபணுவே இல்லாத எலிகளுக்கு வரும் அதே பல உறுப்பு அழற்சி இவற்றுக்கும் வந்தது. சாவி பொருந்தாவிட்டால் பெட்டியில் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிடுகிறது. பூட்டு தளர்ந்தாலும் துன்பம்தான். எல்ஏபி பகுதியில் வரும் சில மரபணு மாற்றங்களால் காரணி தேவையில்லாமல் விடுபட்டு, கை கால் எலும்புகள் தடித்து வலிக்கும். அதன் பெயர் கமுராட்டி-எங்கல்மன் நோய்.

எல்லா இன்டெக்ரினும் இழுப்பதில்லை. ஆல்ஃபா-வி பீட்டா-8-இன் உள்முனை ஆக்டினோடு சேர்வதில்லை. அது பிடித்துக்கொண்டால், காரணி உறையைவிட்டு முழுதாக வெளியேறாமலேயே பக்கத்துச் செல்லின் ஏற்பியைத் தூண்ட முடியும் என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. மற்ற காரணிகளுக்கு வேறு வழிகள். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டினின் உறையை டோலாய்டு வகை நொதிகள் வெட்டுகின்றன. எஃப்ஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி உறையில் இல்லை. செல்லுக்கு வெளியே உள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு, நொதிகள் அவற்றை அறுக்கும்போது விடுபடும்.

ஆக, நாம் சேர்க்கும் அமிலம் எல்லாப் பூட்டையும் ஒரேயடியாக உடைக்கிறது. கிடைப்பது மொத்த இருப்பு. செல்கள் உண்மையில் எவ்வளவைத் திறந்தன என்பது அந்த எண்ணில் தெரியாது. அதனால் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, அமிலம் சேர்த்தும் சேர்க்காமலும் அளந்து பாருங்கள். செல்லே போடாத வெறும் வளர்ப்பு ஊடகத்தையும் கூடவே ஓட்டுங்கள். அதில் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) இருந்தால், சீரத்தோடு வந்த பூட்டிய டிஜிஎஃப்-பீட்டாவும் அமிலத்தில் திறந்து உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.